வலது சீட்டிலிருந்து செஸ்னா 172: கண்ணையும் கையையும் புதிதாகப் பழக்குவது எப்படி

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இடது சீட்டுக்கும் வலது சீட்டுக்கும் நடுவே அரை மீட்டர்தான். கேபினின் மொத்த அகலமே ஏறத்தாழ 1 மீட்டர். இடம் மாறி உட்கார்ந்தது விமானத்துக்குத் தெரியாது. 172எஸ் ரகமாக இருந்தால் அதே 55 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) மூக்கைத் தூக்கலாம், அதே 74 நாட்டில் நன்றாக ஏறும், ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி நேராக வரும் கடைசிக் கட்டத்தில், அதே 65 நாட்டில் இறங்கி வரும். மாறுவது ஓட்டுகிறவரின் கையும் கண்ணும். யோக்கை (விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பிடிக்கும் சக்கரம்) பிடித்துப் பழகிய இடது கைக்கு இனி த்ராட்டில் (இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), த்ராட்டிலில் இருந்த வலது கைக்கு யோக். நேர் எதிரே இருந்த மானிகள் எல்லாம் பக்கத்து சீட்டுக்காரருக்கு எதிரே போய்விடும். வலப்பக்கமாகத் தெரிந்த மூக்கு இடப்பக்கமாகத் தெரியும்.

மாணவருக்கு இடது சீட்டைக் கொடுத்துவிட்டு வலது சீட்டில் உட்காருகிறவர் பயிற்சியாளர்; அந்தத் தகுதிக்குத் தயாராகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். அதற்கு முன் இடது சீட்டில் தடுமாறாமல் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே வரும் வேகங்கள் எல்லாம் 172எஸ் கையேட்டில் உள்ளவை. உங்கள் விமானம் வேறு ரகமென்றால் அதன் கையேடு சொல்வதுதான் கணக்கு.

கிளம்பும் முன் கேட்டு வைக்க வேண்டியவை

சிறு விமானத்தில் கமாண்டர் இடது சீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பொது விமான விதிகளில் எதுவும் இல்லை. பயிற்சி கொடுப்பதென்றால் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வலது சீட்டில் ஏறிவிடக் கூடாது. தனியாகப் பறக்கும்போது எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று சில விமானங்களின் கையேட்டிலோ பேனலில் ஒட்டிய அறிவிப்பிலோ எழுதியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம். உங்கள் நாட்டு விதி, கிளப்பின் விதி, காப்பீடு மூன்றையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

முதல் சில பறப்புகளில் இடது சீட்டில் இருப்பவர் பயிற்சியாளராக இருப்பது நல்லது. விமானம் ஓட்டத் தெரியாத நண்பரை உட்கார வைத்துக்கொண்டு வலது சீட் பழகாதீர்கள். இடப்பக்கம் மட்டுமே கைக்கு எட்டும் சுவிட்சுகள் பல இருக்கின்றன. அவசரத்தில் அவற்றைப் போட அங்கே விவரம் தெரிந்த ஒரு கை வேண்டும்.

தரையில் ஒரு மணி நேரம்

பெரும்பாலானவர்கள் தவிர்ப்பது இதைத்தான். பலன் அதிகம் தருவதும் இதுதான்.

முதலில் சீட். செஸ்னா சீட் தண்டவாளத்தில் நகர்ந்து, ஊசி ஒரு துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். துளை தேய்ந்தாலோ ஊசி முழுதாக விழாவிட்டாலோ, டேக்-ஆஃப் வேகத்தில் சீட் பின்னால் சரியும். கையில் யோக் இருக்கும். சீட்டோடு சேர்ந்து அதையும் இழுத்துவிடுவீர்கள். இப்படி நடந்த விபத்துகளால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. செஸ்னா சீட் தண்டவாளங்களைச் சோதிக்க 1987-இல் கட்டாய உத்தரவு போட்டது, 2011-இல் அதைப் புதுப்பித்தது. வலது சீட்டில் பயணிகள் ஏறி இறங்கி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்தப் பக்கத்துப் பூட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். உட்கார்ந்ததும் இடுப்பால் முன்னும் பின்னும் பலமாக இரண்டு முறை உலுக்குங்கள்.

உயரமும் முக்கியம். பழைய விமானங்கள் சிலவற்றில் இடது சீட்டுக்கு மட்டும் உயரம் மாற்றும் வசதி இருக்கும். வலது சீட் தாழ்வாக இருந்தால் கடினமான மெத்தை ஒன்று போட்டு, இடது சீட்டில் இருந்த அதே கண் மட்டத்துக்கு வாருங்கள். மெத்தென்று அமுங்கும் தலையணை வேண்டாம். விமானம் ஏறி இறங்கிக் குலுங்கும்போது கண் மட்டமும் கூடவே மாறிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தொட்டுப் பார்க்கும் பயிற்சி. பெல்ட்டையும் தோள் பட்டையையும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுங்கள். ஒருவர் பெயர் சொல்ல, நீங்கள் தொட வேண்டும்: த்ராட்டில், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் குமிழ்), ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் சுவிட்ச்), டிரிம் சக்கரம் (யோக்கில் கை தாங்கும் பாரத்தைப் போக்குவது), எரிபொருள் செலக்டர் (எந்த டாங்க் என்று தேர்வது), ஃபியூவல் ஷட்-ஆஃப் (எரிபொருளை அடைப்பது), மாஸ்டர் (மொத்த மின் சுவிட்ச்), துணை எரிபொருள் பம்ப், இக்னிஷன் சாவி, பார்க்கிங் பிரேக். தேடித் தடவாமல் பத்தும் சிக்கும் வரை செய்யுங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 172எஸ்-இல் பட்டை ரீலில் சுற்றியிருப்பதால் முன்னால் சாய முடியும். பழைய விமானங்களில் பட்டை நீளம் மாறாது, இறுக்கிவிட்டால் இடது ஓரத்தில் இருக்கும் சாவிக்குக் கை எட்டவே எட்டாது. அது தரையிலேயே தெரிந்துவிட வேண்டும்.

வலது யோக்கில் பேசும் பொத்தான் இருக்கிறதா, வலது பெடலில் பிரேக் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். மின்சார டிரிம் பொத்தானும் ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானும் பெரும்பாலும் இடது யோக்கில் மட்டும்தான். ஆட்டோபைலட் முகப்பில் எதை அழுத்தினால் துண்டிக்கும், எந்த சர்க்யூட் பிரேக்கரை இழுக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டிப் பழகுங்கள்.

மிக்ஸ்சர்: வலது சீட்டின் முதல் பொறி

172-இன் பேனலின் நடுவே இடமிருந்து வலமாகக் கறுப்பு த்ராட்டில், அடுத்து சிவப்பு மிக்ஸ்சர், அதற்கப்பால் ஃபிளாப் சுவிட்ச். கார்புரேட்டர் வைத்த பழைய விமானங்களில் த்ராட்டிலுக்கு இடப்பக்கம் கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி படியாமல் சூடாக்கும் குமிழ்) இருக்கும். இடது சீட்டிலிருந்து வலது கையை நீட்டினால் முதலில் வருவது த்ராட்டில், அதைத் தாண்டித்தான் மிக்ஸ்சர். வலது சீட்டிலிருந்து இடது கையை நீட்டினால் இந்த வரிசை தலைகீழ்: முதலில் ஃபிளாப், பிறகு மிக்ஸ்சர், கடைசியில்தான் த்ராட்டில்.

ஃபைனலில் பார்வை ஓடுபாதையில் இருக்கும்போது பவரைக் குறைக்க நினைத்து மிக்ஸ்சரை இழுத்தால் இன்ஜினுக்கு எரிபொருள் நின்றுவிடும். மிக்ஸ்சரில் நடுப் பொத்தானை அழுத்தினால்தான் தாராளமாக நகரும், த்ராட்டிலில் அந்தப் பொத்தான் கிடையாது. மிக்ஸ்சர் குமிழின் விளிம்பு பல்பல்லாக இருக்கும், த்ராட்டில் வழவழப்பாக இருக்கும். இந்த வித்தியாசங்களை விரல் நுனிக்குப் பழக்க வேண்டும். இதற்குச் சரியாக வரும் வழி ஒன்று: டாக்சி (தரையில் ஓட்டுவது) முதல் டேக்-ஆஃப் முடியும் வரையும், பேஸ் (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குக் கட்டம்) முதல் ரன்வேயை விட்டு வெளியேறும் வரையும் இடது உள்ளங்கை த்ராட்டில் குமிழை விட்டு அகலவே கூடாது. ஃபிளாப்புக்கோ டிரிமுக்கோ கை போய்த் திரும்பினால், த்ராட்டிலைப் பிடித்ததும் ஒருமுறை கண்ணால் பார்த்து "கறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், செய்யுங்கள். பத்து மணி நேரம் கழித்து விட்டுவிடலாம்.

ஃபிளாப் சுவிட்ச் இப்போது மிக அருகில் இருப்பது இன்னொரு தொல்லை. கோ-அரவுண்டில் (இறங்காமல் மறுபடி மேலேறும்போது) கை விரைவாகப் போகும்போது ஃபிளாப் முழுவதையும் மேலே தள்ளிவிட வாய்ப்பு உண்டு. 172எஸ் கையேட்டில் இருக்கும் வரிசை: முழு பவர், ஃபிளாப் 20 டிகிரிக்கு, 60 நாட்டில் ஏற்றம், தடைகளைத் தாண்டிய பிறகு படிப்படியாக மீதி. முழு பவர் கொடுத்த கை, சுவிட்ச் 20-இல் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

கண்ணுக்கு ஒரு புள்ளி

விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து உங்கள் கண் சுமார் 25 சென்டிமீட்டர் வலப்பக்கம் இருக்கிறது. ஸ்பின்னர் (ப்ரொப்பல்லரின் நடுவே உள்ள கூம்பு மூடி) கண்ணிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் முன்னால். கண்ணிலிருந்து ஸ்பின்னர் வழியாகப் பார்த்தால் அந்தப் பார்வை இடப்பக்கமாக சுமார் 7 டிகிரி சாய்ந்து போகும். ஓடுபாதையின் கோடியை ஸ்பின்னருக்கு நேரே கொண்டுவந்து "நேராக இருக்கிறது" என்று நினைத்தால், மூக்கு உண்மையில் 7 டிகிரி வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. 60 நாட்டில் அப்படியே சக்கரம் தொட்டால், ஏறத்தாழ 7 நாட் பக்கவாட்டு வேகத்தோடு டயர் தரையில் உராயும். காற்றே இல்லாத நாளில் இறங்கிவிட்டு டயர் கீச்சிட்டதென்றால் காரணம் இதுதான்.

அதனால் உங்களுக்கென்று ஒரு புள்ளி வேண்டும். நீளமான நேர்க்கோடு உள்ள டாக்சிவேயில் மூக்குச் சக்கரத்தைக் கோட்டின் மேல் நேராக நிறுத்துங்கள். இன்னொருவர் பின்னால் போய் வாலும் அதே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இப்போது வலது சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கோடு மிகத் தொலைவில் போய் மறையும் இடத்தைப் பாருங்கள். தொலைவில் எல்லா இணைகோடுகளும் ஒன்றாகச் சேரும், ஆகவே அந்த இடம் உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கும். அது கண்ணாடியில் எங்கே படுகிறதோ அங்கே சிறு ஒட்டுத்தாளோ மெழுகுப் பென்சில் புள்ளியோ வையுங்கள். முன்கண்ணாடி அக்ரிலிக்கால் ஆனது. அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பான் பட்டால் அது மங்கிப்போகும், எனவே புள்ளியை அழிக்க மென்மையான துணி மட்டும் போதும்.

மூக்கைத் திருப்புவது, நேராக்குவது, ஏற்றத்தில் திசை பிடிப்பது எல்லாம் இனி அந்தப் புள்ளியை வைத்துத்தான். நான்கைந்து பறப்புக்குப் பிறகு புள்ளியை எடுத்துவிடுங்கள். கண் அதற்குள் கவுலிங்கில் (இன்ஜின் மூடியில்) ஒரு திருகையோ ரிவெட் வரிசையையோ தானே பிடித்துக்கொண்டிருக்கும்.

மானிகள் பொய் சொல்லும் விதம்

வட்ட முகப்பு மானிகளில் ஊசி முகப்பிலிருந்து சற்று முன்னால் நிற்கிறது. வலப்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது ஊசி இடப்பக்கம் நகர்ந்தது போலத் தெரியும். ஊசி கிடைமட்டமாக இருக்கும்போது இதனால் பெரிய பிழை வராது. மேலே பார்த்தோ கீழே பார்த்தோ நிற்கும்போது வரும். உயரமானியின் நூறடி ஊசி உச்சியில் இருந்தால் உண்மையைவிடக் குறைவாகவும், அடியில் 500-இல் இருந்தால் அதிகமாகவும் படிப்பீர்கள். 10, 20 அடிதான் வித்தியாசம். ஆனால் அதைத் திருத்த நினைத்து டிரிமைத் தொட்டுக்கொண்டே இருந்தால் விமானம் நிலையாகவே பறக்காது. திசைமானியில் மேலே உள்ள கோடு கண்ணாடியில் முன்னால் இருப்பதால் ஓரிரு டிகிரி குறைவாகக் காட்டும்.

இவற்றில் கையை நேரடியாக ஏமாற்றுவது பந்து, அதாவது விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் மானியில் உருளும் குண்டு. நடுக்கோடுகள் பந்துக்கு முன்னால் இருக்கும் மானிகளில், வலது சீட்டிலிருந்து பார்க்கும்போது நடுவில் இருக்கும் பந்துகூட வலப்பக்கம் ஒதுங்கியது போலத் தோன்றும். "பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கப் பெடல்" என்ற பழைய பாடப்படி வலது ரட்டரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பெடலை) அழுத்தினால் சரியாக இருந்ததைக் கெடுத்துவிடுவீர்கள். இதற்கு மருந்து: நிலையான பறப்பில் இடது சீட்காரர் "பந்து நடுவில்" என்று சொல்லும்போது அது உங்கள் பக்கத்திலிருந்து எங்கே தெரிகிறது என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடு அதுதான். திசைமானிக்கும் இதே போல ஒருமுறை ஒப்பிட்டால் போதும்.

ஜி1000 என்ற மின்னணுத் திரை வைத்த 172-இல் இந்தக் கோளாறு குறைவு, ஏனெனில் ஊசியும் முகப்பும் ஒரே தளத்தில் வரைந்த படங்கள். அங்கே தொல்லை தூரம்தான். ஆடியோ பேனலின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பறப்பு மானிகள் வலப்பக்கத் திரையிலும் வரும். நல்ல உதவி. ஆனால் அதற்கே பழகிவிட்டால் வட்ட மானி விமானத்தில் தடுமாறுவீர்கள். முதல் சில பறப்புகளைத் திரை மாற்றாமல் செய்யுங்கள்.

டாக்சி

இடது சீட்டில் மஞ்சள் கோடு வலது தொடைக்கு அடியில் போவது போலத் தெரிந்திருக்கும். இனி அது இடது தொடைக்கு அடியில் போக வேண்டும். பழக்கத்தால் கோட்டை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டால் விமானம் அரை மீட்டர் இடப்பக்கம் தள்ளி ஓடும். அகலமான டாக்சிவேயில் இது யாருக்கும் தெரியாது, விமானங்களுக்கு நடுவே நுழையும்போது தெரியும். இடப்பக்க இறக்கை நுனி இப்போது உங்களுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அதை இடது சீட்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டே நகருங்கள்.

யோக்கைக் காற்றுக்கேற்ப வைப்பதை டாக்சியிலேயே பழகலாம். இடப்பக்கக் காற்றுக்கு வலது கை உடலுக்குக் குறுக்கே தள்ளும், வலப்பக்கக் காற்றுக்கு வெளிப்பக்கம் இழுக்கும். கைக்கு இது இடது சீட்டின் எதிர்மாறு.

டேக்-ஆஃப்

முதல் டேக்-ஆஃபைக் காற்று 8 நாட்டுக்குக் குறைவான நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் நின்று, புள்ளியை ஓடுபாதையின் கோடியில் வைத்து, த்ராட்டிலை மூன்று வினாடிக்குக் குறையாமல் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். முழு பவரில் மூக்கு இடப்பக்கம் போகப் பார்க்கும், வலது ரட்டர் வேண்டும் என்பதெல்லாம் பழையபடியேதான். அளவுதான் பிடிபடாது, ஏனென்றால் மூக்கு எவ்வளவு நகர்ந்தது என்பதை இதுவரை வேறு கோணத்தில் அளந்திருக்கிறீர்கள்.

55 நாட்டில் இழுக்கும்போது வலது கையின் வேகத்தைக் கவனியுங்கள். பலருக்கும் வலது கை பலமான கை. இடது கையால் மென்மையாக இழுத்தவர்கள் வலது கையால் சட்டென்று இழுத்துவிடுவார்கள். யோக்கை முழுக் கையால் பற்றாமல் கட்டைவிரலும் இரு விரல்களும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூக்கு அடிவானத்தை மறைத்ததும் வலப்பக்க ஓரத்து அடிவானத்தைப் பாருங்கள், இரு இறக்கைகளும் அடிவானத்துக்கு மேல் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று மாறி மாறி ஒப்பிடுங்கள்.

திருப்பங்கள்

மேலே 3,000 அடி பாதுகாப்பான உயரத்துக்குப் போய், லேண்டிங்குக்கு முன் ஒரு மணி நேரம் முழுவதும் இதற்கே கொடுங்கள்.

இடது சீட்டில் இருந்தவருக்கு இடது திருப்பத்தில் கவுலிங்கின் நடு அடிவானத்துக்கு மேலே உயர்ந்தும், வலது திருப்பத்தில் தாழ்ந்தும் தெரியும். மூக்கு அவருக்கு வலப்பக்கம் இருப்பதே காரணம்: இடப்பக்கம் சாய்ந்தால் அடிவானக் கோட்டின் வலப்பகுதி கீழே போகிறது. வலது சீட்டில் இது அப்படியே தலைகீழ். வலது திருப்பத்தில் மூக்கு உயர்ந்தும், இடது திருப்பத்தில் தாழ்ந்தும் தெரியும். 45 டிகிரி சாய்வில் இந்தத் தோற்ற வித்தியாசம் சுமார் 7 டிகிரி. பழைய பழக்கப்படி திருத்தினால் வலது திருப்பத்தில் மூக்கை அழுத்தி உயரம் இழப்பீர்கள், இடது திருப்பத்தில் இழுத்து உயரம் ஏறுவீர்கள். முதல் நாளில் 200 அடி இப்படிப் போவது சகஜம்.

கண்ணாடியில் வைத்த புள்ளி இங்கேயும் காப்பாற்றும். அது கண்ணுக்கு நேர் எதிரே இருப்பதால், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புள்ளிக்கும் அடிவானத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான். 95 நாட்டில் 45 டிகிரி திருப்பம் இரு பக்கமும் நான்கு முறை, மூக்கைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு மெதுவான பறப்பு, ஃபிளாப் இல்லாமலும் முழு ஃபிளாப்பிலும் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை). ஸ்டாலில் இறக்கை சாயும்போது யோக்கைப் பிடித்த வலது கை எய்லரானால் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பால்) திருத்த ஓடும், இடது சீட்டில் கட்டுப்படுத்திவைத்த அந்தப் பழக்கம் புதிய கையில் திரும்ப முளைக்கும். ரட்டரால் திசையைப் பிடித்து, யோக்கை முன்னால் விட்டுத் தாக்குகோணத்தை (காற்று இறக்கையில் படும் கோணத்தை) குறைப்பதுதான் முதல் வேலை.

சர்க்யூட்டும் லேண்டிங்கும்

வழக்கமான சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பாதை) இடப்பக்கம். வலது சீட்டில் இருந்தால் ஓடுபாதை மற்றவரின் தலைக்கு அப்பால் இருக்கும். அனுமதி கிடைத்தால் முதல் ஐந்தாறு சுற்றுகளை வலப்பக்க சர்க்யூட்டில் செய்யுங்கள். ஓடுபாதை உங்கள் ஜன்னலில் தெரியும், லேண்டிங்கை மட்டும் கவனிக்கலாம். பிறகு இடப்பக்கத்துக்கு மாறுங்கள்.

இடப்பக்க டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில்) ஒரு பொறி இருக்கிறது. இடது சீட்டில் ஓடுபாதையை இறக்கைத் தாங்கியின் பாதியில் வைத்து இடைவெளியை அளந்திருப்பீர்கள். உங்கள் கண் இப்போது அந்தத் தாங்கியிலிருந்து அரை மீட்டர் கூடுதல் தூரத்தில் இருப்பதால் பார்வைக் கோணம் தட்டையாகிவிட்டது. அதே பாதியில் ஓடுபாதையை வைத்தால் வெகு தூரம் விலகிப் பறப்பீர்கள், பேஸ் நீளும், ஃபைனலில் தாழ்ந்து வருவீர்கள். இடது சீட்காரரிடம் சரியான இடைவெளியில் ஒருமுறை பறக்கச் சொல்லி, அப்போது உங்கள் கண்ணுக்கு ஓடுபாதை தாங்கியில் எங்கே வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பேஸிலிருந்து ஃபைனலுக்கு இடப்பக்கம் திரும்பும்போது தாழ்ந்த இறக்கையும் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து ஓடுபாதையை மறைப்பார்கள். தாமதமாகத் திரும்பி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால், ரட்டரால் மூக்கை இழுத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். குறைந்த வேகத்தில், குறைந்த உயரத்தில் அப்படிச் செய்வதுதான் ஸ்பின்னுக்கு (சுழன்றபடி விழுவதற்கு) வழி. சாய்வு 30 டிகிரியைத் தாண்டும் என்றால் கோ-அரவுண்ட்.

ஃபைனலில் 65 நாட், ஃபிளாப் 30. புள்ளியை வைத்து மூக்கைக் கோட்டுக்கு இணையாக்குங்கள், நடுக்கோடு உங்கள் இடது தொடையை நோக்கி வரட்டும். வலது சீட்டில் புதியவர்கள் இறங்கும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், மூக்கு வலப்பக்கம் திரும்பி. தன்னைக் கோட்டின் மேல் வைத்தால் விமானம் இடப்பக்கம் போகிறது, ஸ்பின்னரைக் கோட்டின் மேல் வைத்தால் மூக்கு வலப்பக்கம் போகிறது. இரண்டும் தனித்தனிப் பிழைகள், தனித்தனியாகத் திருத்த வேண்டும். இடத்தை எய்லரானால், மூக்கை ரட்டரால்.

ஃபிளேரில் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) மூக்கு உயர்ந்து ஓடுபாதையை மறைக்கும்போது இடது சீட்காரர் மூக்கின் இடப்பக்க ஓரத்தைப் பார்ப்பார். நீங்கள் வலப்பக்க ஓரத்தைப் பார்க்க வேண்டும். பழக்கத்தால் மூக்கைத் தாண்டி இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சாயும், தலையோடு யோக்கும் சாயும். முதல் நாள் டச்-அண்ட்-கோ (தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறுவது) வேண்டாம், ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்துங்கள். நின்ற பிறகு கோடு எங்கே, மூக்கு எங்கே என்று பார்த்தால்தான் கண் திருந்தும்.

இதெல்லாம் சீரானதும் பக்கக்காற்று, ஃபிளாப் இல்லாத லேண்டிங், 61 நாட்டில் குறுகிய ஓடுபாதை லேண்டிங் என்று போகலாம்.

இன்ஜின் நின்றால்

172எஸ்-இல் வேலைகள்: 68 நாட், ஷட்-ஆஃப் உள்ளே, செலக்டர் இரு டாங்கிலும், துணை பம்ப் ஆன், மிக்ஸ்சர் முழு ரிச், இக்னிஷன் இரண்டிலும். வலது கை 68 நாட்டைப் பிடித்திருக்க, இடது கைக்கு எளிதில் எட்டுவது நடுவில் இருக்கும் மூன்று: ஷட்-ஆஃப், செலக்டர், மிக்ஸ்சர். பம்பும் சாவியும் இடது ஓரத்தில், மாணவரின் முழங்காலுக்கு மேலே. எனவே அவற்றை யார் போடுவது என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். மாணவர் உறைந்துபோனால் அவரைத் தாண்டி நீங்களே எட்ட வேண்டும், தரையில் பட்டை மாட்டிப் பழகியது அப்போதுதான் பயன்படும். எட்டும் நேரத்தில் வலது கை யோக்கை இழுத்துவிடாமல் இருக்க, முதலில் 68-க்கு டிரிம் செய்துவிட்டு எட்டுங்கள்.

பைப்பர் பி.ஏ.-28 வகையில் நிலைமை இன்னும் கறார். எரிபொருள் செலக்டர் இடது விமானியின் முழங்காலுக்குப் பக்கத்தில் இடது சுவரில் இருக்கிறது, வலது சீட்டிலிருந்து எட்டாது. இரு டாங்கிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும் நிலையும் அதில் இல்லை, இடமோ வலமோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில பழைய பி.ஏ.-28-களில் வலது பெடலில் பிரேக் இருக்காது, பேனலுக்கு அடியில் நடுவே இருக்கும் கைப்பிடிதான் பிரேக். கதவும் வலப்பக்கம் ஒன்றே ஒன்று. வலது சீட்காரர் கடைசியாக ஏறி, பக்கத்துப் பூட்டையும் மேல் பூட்டையும் போட்டு, அவசரத்தில் முதலில் இறங்க வேண்டும்.

கட்டுப்பாட்டைக் கை மாற்றுவது

இரண்டு பேரும் ஓட்டத் தெரிந்தவர்களாக இருப்பதுதான் ஆபத்து. இவர் ஓட்டுகிறார் என்று அவரும், அவர் ஓட்டுகிறார் என்று இவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று படிகளில் மாற்றுங்கள்: கொடுப்பவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்ஸ்", வாங்குபவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்", கொடுத்தவர் மறுபடி "யூ ஹேவ் கண்ட்ரோல்ஸ்" என்று சொல்லி, மற்றவர் கை யோக்கில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே விட வேண்டும்.

மாணவர் இறக்கும்போது வலது சீட்டில் உங்கள் கை யோக்கின் பக்கத்தில், தொடாமல், ஒரு விரல் இடைவெளியில். குதிகால் தரையில், பாத நுனி பெடலுக்கு அருகில், பிரேக்கின் மேல் இல்லாமல். மாணவரின் பிரேக்கோடு உங்கள் பிரேக்கும் சேர்ந்தால் டயர் பூட்டிக்கொள்ளும். ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்வதையும் தனியாகப் பழக வேண்டும். பேசத் தொடங்கினால் உயரமும் வேகமும் நழுவும், நழுவாமல் பழகும் வரை சுருக்கமாகப் பேசுங்கள்.

வலது சீட்டில் சில வாரம் இருந்துவிட்டு இடது சீட்டுக்குத் திரும்பும் நாளில் இதே பிழைகள் திசை மாறி வரும்: விமானம் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம், மூக்கு இடப்பக்கம். அன்றைய முதல் லேண்டிங்கைப் பயணி இல்லாமல், நீளமான ஓடுபாதையில் வைத்துக்கொள்ளுங்கள், த்ராட்டிலுக்குப் போகும் வலது கையைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.